பப் மாடியிலிருந்து புறப்பட்ட சிரிப்பு

ரோவன் அட்கின்சன் 1986 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் தன் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். பிரிட்டனில் அவர் அப்போதே பெரிய பெயர். நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஃபிராங்க் ரிச் கடுமையாக எழுதினார். நிகழ்ச்சி சில நாட்களிலேயே மூடப்பட்டது. மறு ஆண்டு கனடாவின் மான்ட்ரியலில் நடக்கும் 'ஜஸ்ட் ஃபார் லாஃப்ஸ்' விழாவுக்குப் போனபோது, ஆங்கிலக் கலைஞர்களோடு தன்னைச் சேர்க்க வேண்டாம், பிரெஞ்சு மொழி நிகழ்ச்சியில் மேடை கொடுங்கள் என்று அமைப்பாளர்களிடம் கேட்டார். அநேகமாகப் பேசவே பேசாத, உடம்பை மட்டும் நம்பிய ஒரு பாத்திரம், தன் மொழியில் சிரித்துப் பழகாத கூட்டத்திடம் எடுபடுமா என்று பார்க்க நினைத்தார். எடுபட்டது. 1990 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியில் 'மிஸ்டர் பீன்' ஆகி, பிற்பாடு தமிழ்நாட்டுக் குழந்தைகள் வரை வந்து சேர்ந்த பாத்திரம் அதுதான்.

பிரிட்டிஷ் மேடை நகைச்சுவை கடல் கடந்து போவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று தேசிய குணம். தன்னைத்தானே மட்டம்தட்டிக்கொள்வது, முகத்தில் சலனமே இல்லாமல் கிண்டல் செய்வது, வர்க்கபேதத்தின் நுணுக்கங்களை விடாமல் கவனிப்பது எல்லாம் அந்த மண்ணின் இயல்பு, உலகம் அதை ரசிக்கிறது என்பார்கள். மற்றது மொழி. ஆங்கிலம் போன இடமெல்லாம் அதன் சிரிப்பும் போயிற்று என்பது. அட்கின்சன் கதை இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. அதே ஆள், அதே தேசிய குணம். ஆங்கிலம் பேசும் ஊரில் தோற்றுப் பிரெஞ்சு பேசும் கூட்டத்தில் வென்றிருக்கிறார். வேறொரு விளக்கம் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். பிரிட்டன் தெரிந்தோ தெரியாமலோ ஒரு பயிற்சிக்களத்தை வளர்த்தெடுத்தது. அடுத்தடுத்து நெருக்கமாக இருக்கும் ஊர்கள், வாடகை குறைந்த சிறு அறைகள், ஒரே இரவில் இரண்டு மூன்று விதமான கூட்டங்கள், ஆண்டுக்கொருமுறை கூடும் பெரிய சந்தை என்று அமைந்த களம் அது. தன்னை யாரென்றே அறியாதவர்களைச் சில நிமிடங்களுக்குள் தன்வசப்படுத்துவதை அங்கே கலைஞர் கற்றுக்கொள்கிறார். வெளிநாட்டில் விலைபோவது அந்தக் கைத்திறன். அது பயணம் போன பாதைகளோ பெரும்பாலும் குடியேற்றமும் ராணுவமும் வணிகமும் முன்பே போட்டு வைத்தவை.

பழைய சான்று மியூசிக் ஹால்களில் கிடைக்கிறது. சார்லஸ் மார்ட்டன் 1852-இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் கேன்டர்பரி ஹாலைத் திறந்ததிலிருந்து, பாட்டும் பீரும் சாப்பாடும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இந்த அரங்குகள் தொழில் நகரங்களெங்கும் பெருகின. 1843-ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி வசன நாடகம் போட உரிமம் பெற்ற நாடக அரங்குகளுக்குத்தான் அனுமதி. மியூசிக் ஹால்கள் பாட்டு, வித்தை, தனியாள் பேச்சு, ஊமைக்கூத்து என்று ஒதுங்க வேண்டியிருந்தது. ஃப்ரெட் கார்னோவின் குழு ஊமைக்கூத்தைத் துல்லியமான கலையாக்கியது. குடித்துவிட்டு வந்த கனவான் ஒருவர் மோசமான மேடை நிகழ்ச்சியைப் பார்த்து ரகளை செய்வதுதான் அவர்களுடைய புகழ்பெற்ற 'மம்மிங் பேர்ட்ஸ்'. அமெரிக்காவில் அதற்கு 'எ நைட் இன் ஆன் இங்கிலீஷ் மியூசிக் ஹால்' என்று பெயர் வைத்தார்கள். 1910-இல் அந்தக் குழுவோடு கப்பல் ஏறியவர்களில் சார்லி சாப்ளினும் ஸ்டான் லாரலும் உண்டு. குடிகாரனாக நடித்த சாப்ளினை 1913-இல் கீஸ்டோன் படக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. உள்ளூர்ச் சட்டத்தின் நெருக்கடிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு, வசனம் தேவைப்படாத சினிமாவுக்கு அப்படியே பொருந்திவிட்டது. இதில் ஆங்கிலேயக் குணத்தைவிட உரிம விதிக்குத்தான் பங்கு அதிகம்.

ஆனால் அக்காலத்தில் வெளிநாடு போனவர்களில் பெரும்பாலோர் கார்னோவின் பாதையில் போகவில்லை. ஸ்காட்லாந்தின் ஹாரி லாடரைப் பாருங்கள். கில்ட் பாவாடையும் கோணல் கைத்தடியுமாகப் பாட்டும் பேச்சும் கலந்து தந்த இவர் 1907 முதல் அமெரிக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போனார்; 1914-இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவருக்குக் கூடிய கூட்டத்தின் உயிர்நாடி, குடிபெயர்ந்து போன ஸ்காட்லாந்துக்காரர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். லாடர் காட்டிய ஸ்காட்லாந்தை அவருடைய நாட்டிலேயே சிலர் பொம்மைத்தனமானது என்று வெறுத்தார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கோ அந்தப் பொம்மைதான் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்களுக்குக் கேளிக்கை அளிக்க அமைந்த என்சா, கலைஞர்களைப் போர்முனைகளுக்கு அனுப்பியது; போருக்குப் பிறகு சிங்கப்பூரில் ராணுவக் கேளிக்கைப் பிரிவில் கென்னத் வில்லியம்ஸ், ஸ்டான்லி பாக்ஸ்டர், பின்னாளில் நாடகாசிரியரான பீட்டர் நிக்கோல்ஸ் ஆகியோர் பணியாற்றினார்கள். நிக்கோல்ஸ் அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய நாடகம் 1977-இல் லண்டனில் மேடையேறியது. ஊர் சிங்கப்பூர், சிரித்தவர்கள் பர்மிங்ஹாமிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் வந்த சிப்பாய்கள். இப்படிப்பட்ட பயணங்களை வெளிநாட்டு வெற்றி என்று கணக்கில் எழுதினால் கணக்கு தப்பாகிவிடும். வீட்டுக் கூட்டமே கப்பலில் வேறு இடத்துக்குப் போயிருந்தது.

உண்மையான அந்நியர்களைப் பிரிட்டிஷ் கலைஞர் சந்தித்தது உள்நாட்டில்தான் என்பது இந்த வரலாற்றில் எனக்குச் சுவையான பகுதி. கிளாஸ்கோ எம்பயர் அரங்கு 1963-இல் மூடப்படும் வரை ஆங்கிலேய நகைச்சுவைக்காரர்களின் சுடுகாடு என்றே பெயர் வாங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆட்டத்துக்குக் குடித்துவிட்டு வரும் கூட்டத்தின் முன் தெற்கத்திய உச்சரிப்போடு போய் நிற்பது தண்டனைக்குச் சமம். சிரிப்பைப் பற்றிக் கோட்பாடு எழுதிய ஃப்ராய்டு கிளாஸ்கோ எம்பயரின் இரண்டாம் ஆட்டத்தில் நின்றதில்லையே என்று லிவர்பூலின் கென் டாட் கேலி செய்ததுண்டு. அந்த டாட் ஒரு காரியம் செய்தார். எந்த ஊரில் எந்த நகைச்சுவைக்குக் கூட்டம் எப்படிச் சிரித்தது என்று நோட்டுப்புத்தகங்களில் குறித்து வைத்து, நாடு முழுவதற்கும் ஒரு சிரிப்பு வரைபடம் போல வளர்த்துக்கொண்டார். சுரங்கத் தொழிலாளர் ஊரில் எடுபடுவது கடலோர விடுமுறை ஊரில் எடுபடாது. பிளாக்பூலில் ஓடுவது லண்டனில் ஓடாது. இவ்வளவு சிறிய தீவில் உச்சரிப்பும் தொழிலும் மதமும் ஐம்பது மைலுக்கொரு தடவை மாறின. சுற்றி வந்தவர்களுக்கு அந்தச் சுற்றே பள்ளிக்கூடம்.

1950-களில் தொலைக்காட்சி வந்தது, மியூசிக் ஹால்களின் வழிவந்த வெரைட்டி அரங்குகள் வரிசையாக மூடப்பட்டன. நகைச்சுவை இரண்டு இடங்களுக்கு ஒதுங்கியது. வடக்கே தொழிலாளர் மன்றங்கள்; தனிமனிதர் மைக் முன் நின்று துணுக்கு மேல் துணுக்காக அடுக்கும் பாணி அங்கே தழைத்தது. 1971-இல் கிரனடா தொலைக்காட்சியின் 'தி கமெடியன்ஸ்' அந்தப் பாணியை வீடுகளுக்குக் கொண்டுபோனது. பெர்னார்ட் மானிங் போன்றவர்கள் அடித்த கேலியில் பெரும்பகுதி கறுப்பர்கள், ஆசியர்கள், ஐரிஷ்காரர்கள், மாமியார்கள் மேல் விழுந்தது. தெற்கே பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த நையாண்டி. 'பியாண்ட் தி ஃபிரிஞ்ச்' என்ற நையாண்டி மேடை நிகழ்ச்சி 1960-இல் எடின்பரோவில் தொடங்கி 1962-இல் பிராட்வே வரை போயிற்று. அதில் நடித்த பீட்டர் குக் 1961-இல் சோஹோவில் திறந்த எஸ்டாப்ளிஷ்மென்ட் உறுப்பினர் மட்டும் நுழையும் கிளப் என்பதால், வசனத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டிய நாடகத் தணிக்கையிலிருந்து தப்பித்தது. தணிக்கையே 1968-இல் ஒழிந்தது. அமெரிக்காவின் லென்னி புரூஸ் 1962-இல் குக்கின் கிளப்பில் நடத்தினார், மறு ஆண்டு திரும்பி வந்தபோது நாட்டுக்குள் விடவில்லை. ஆஸ்திரேலியாவின் பாரி ஹம்ஃப்ரீஸும் அங்கே நின்றார், யாரும் சிரிக்கவில்லை. ஒரே மொழி, ஒரே பேரரசின் பழைய உறவு. இருந்தும் மெல்பர்ன் புறநகர்ப் பெண்மணியாக அவர் போட்ட வேடம் 1962-இன் லண்டனுக்குப் புரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

திருப்பம் 1979 மே மாதத்தில் வந்தது. இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த பீட்டர் ரோசன்கார்டும் கேளிக்கை விடுதி நடத்திய டான் வார்டும் சோஹோவில் ஓர் ஆடை அவிழ்ப்பு நடன விடுதியின் மேல்மாடியில் 'கமெடி ஸ்டோர்' என்ற கிளப்பைத் திறந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் அதே பெயரில் இருந்த கிளப்பை ரோசன்கார்ட் பார்த்துவிட்டு வந்திருந்தார். யாரும் மேடையேறலாம்; கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் காங் மணியை அடித்து இறக்கிவிடுவார்கள். முதல் தொகுப்பாளர் அலெக்ஸி சேல். இனவெறி, பெண்வெறுப்புக் கேலியை ஒதுக்கிய 'மாற்று நகைச்சுவை' இங்கிருந்துதான் தொடங்கியது என்று வரலாறுகள் சொல்கின்றன. கொள்கை அளவில் அது சரி. ஆனால் நிலைத்து நின்ற மாற்றம் கொள்கையில் இல்லை, இடத்தில் இருந்தது என்பது என் கணிப்பு. அடுத்த பத்தாண்டுகளில் லண்டனிலும் பிற நகரங்களிலும் பப்களின் மாடி அறைகள் ஒவ்வொன்றாக நகைச்சுவைக்குத் திறந்தன. வியாபாரம் மந்தமான வார நாளில் பப் உரிமையாளர் அறையைச் சும்மாவோ சொற்ப வாடகைக்கோ கொடுப்பார், பீர் விற்றால் அவருக்கு லாபம். நடத்துபவர் வாசலில் வசூலாவதைக் கலைஞர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மேடைக்கு ஒரு மைக், ஒரு விளக்கு, பின்னால் ஒரு திரை. இவ்வளவு குறைந்த முதலில் தொடங்கக்கூடிய மேடைக் கலை வேறு எது இருக்கிறது என்று தெரியவில்லை.

இந்த அறைகளுக்குள் ஒரு தொழிற்படிநிலை உருவாயிற்று. புதியவருக்குச் சம்பளமில்லாத 5 நிமிடம். தேறினால் 10 நிமிடம். அதிலும் நின்றால் கூலியோடு 20 நிமிடம். இரவின் கடைசி இடம் பேர்பெற்றவருக்கு. நடுநடுவே தொகுப்பாளர் கூட்டத்தோடு பேசி, சூடேற்றி, ஒருவர் சொதப்பினால் அடுத்தவருக்கு அறையைச் சீர்செய்து கொடுப்பார். சனிக்கிழமை இரவில் ஒரு லண்டன் கலைஞர் இரண்டு மூன்று கிளப்புகளுக்கு ஓடுவார். எட்டரைக்குப் பட்டதாரிகள் நிறைந்த அறை, பத்துக்குத் திருமணத்துக்கு முந்தைய குடிவிருந்துக் கூட்டம், நள்ளிரவுக்குப் பிறகு யாருக்கும் நிதானமில்லாத அறை. 1984-இல் கிரீனிச்சில் மால்கம் ஹார்டீ தொடங்கிய டனல் கிளப்பில் குறுக்குப் பேச்சுக்காரர்கள் மேடைக்காரர்களைவிடப் புகழ் பெற்றிருந்தார்கள். அமெரிக்க வழக்கம் வேறு. அங்கே ஊர்களுக்கு நடுவே தூரம் அதிகம் என்பதால் கலைஞர் ஓர் ஊரில் வாரம் முழுவதும் தங்கி, முக்கால் மணியோ ஒரு மணியோ பேசுவார், அவருக்காகவே டிக்கெட் வாங்கிய கூட்டத்தின் முன். பிரிட்டிஷ் கிளப்பில் டிக்கெட் வாங்கியவருக்கு யார் வருகிறார் என்பதே பெரும்பாலும் தெரியாது. முன்பின் தெரியாத ஆளாக நின்று இருபது நிமிடத்தில் கூட்டத்தை வெல்லும் பயிற்சி வாரத்துக்கு ஏழெட்டு முறை கிடைத்தது. வெளிநாடு போய்த் துபாய் ஹோட்டல் ஒன்றில் நிற்கும்போது பிரிட்டிஷ் கலைஞருக்கு நேர்வது அதே சூழ்நிலைதான், வெயில் மட்டும் கூடுதல்.

இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கியது எடின்பரோ. 1947-இல் சர்வதேச விழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து ஓரமாக நடத்தியதில் பிறந்த ஃபிரிஞ்ச், 2008 வாக்கில் நாடகத்தைவிட நகைச்சுவை நிகழ்ச்சிகளை அதிகம் கொண்டதாகிவிட்டது. 2019-இல் 3,800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன, 30 லட்சம் டிக்கெட்டுகள் போயின. 1981-இல் தொடங்கிய பெரியர் நகைச்சுவை விருது முதலில் ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்ப்சன் அடங்கிய கேம்பிரிட்ஜ் குழுவுக்குப் போயிற்று. 1983-இலேயே ஆஸ்திரேலியக் குழு ஒன்று அதை வென்றது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஒவ்வொரு நாளும் அதே ஒரு மணி நேரத்தை விமர்சகர்கள் முன்னும், விழா அமைப்பாளர்கள் முன்னும், மழைக்கு ஒதுங்கிய சுற்றுலாப் பயணிகள் முன்னும் நடத்த வேண்டும். துணுக்குகளைக் கோத்தால் ஒரு மணி நேரம் தாங்காது. கதை வேண்டும், வாதம் வேண்டும், தொடக்கத்தில் விதைத்ததைக் கடைசியில் அறுக்க வேண்டும். இந்த ஒரு மணி நேர வடிவம்தான் பின்னர் ஏற்றுமதிக்கான மூட்டையாயிற்று. 1987-இல் மெல்பர்னில் நகைச்சுவை விழா தொடங்கியபோது அதைத் திறந்து வைத்தவர்கள் பாரி ஹம்ஃப்ரீஸும் பீட்டர் குக்கும். கால் நூற்றாண்டுக்கு முன் சோஹோவில் மேடை கொடுத்தவரும் அங்கே தோற்றவரும். இன்று ஒரு பிரிட்டிஷ் கலைஞரின் ஆண்டு இப்படித்தான் ஓடுகிறது: ஆகஸ்டில் எடின்பரோ, குளிர்காலத்தில் லண்டன், பிப்ரவரி மார்ச்சில் அடிலெய்டு, ஏப்ரலில் மெல்பர்ன், மே மாதம் நியூசிலாந்து.

பழைய பாதைகளோ அழியவில்லை. 1990-களிலிருந்து துபாயிலும் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல் கூடங்களில் நடந்த நகைச்சுவை இரவுகளுக்கு லண்டன் கிளப்புகளிலிருந்து மூவர் நால்வராக விமானத்தில் வந்து போனார்கள். கூட்டத்தில் வங்கி, எண்ணெய், கட்டுமானத் துறைகளில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ்காரர்களே மிகுதி. லாடர் காலத்து ஏற்பாடு, டை கட்டிக்கொண்டு. இதில் ஒரு விதிவிலக்கு நமக்கு அருகில் நடந்தது. டான் வார்டின் கமெடி ஸ்டோர் 2010-இல் மும்பை லோயர் பரேலின் வணிக வளாகம் ஒன்றில் கிளை திறந்தது. வாராவாரம் பிரிட்டனிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். இடைப்பட்ட இரவுகளில் உள்ளூர்க்காரர்களுக்கு மேடை. தன்மய் பட், அதிதி மிட்டல் போன்றவர்கள் தொடக்க காலத்தில் நின்ற மேடைகளில் அதுவும் ஒன்று. சில ஆண்டுகளில் கிளப்பின் பெயர் மாறியது, லண்டனிலிருந்து ஆள் வர வேண்டிய தேவையே போயிற்று. தொகுப்பாளர், 5 நிமிடப் புதியவர், 20 நிமிடக்காரர், கடைசியில் பேர்பெற்றவர் என்ற ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது. வெளிநாட்டில் நடந்தவற்றுள் ஆழமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். விருந்தாளி கிளம்பிய பிறகும் அவர் விட்டுச்சென்ற அடுப்பில் வீட்டுக்காரர் தன் சமையலைச் செய்கிறார். 2023-இல் இந்திய நகைச்சுவைக் கலைஞர் ஜாகிர் கான் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்தியில் நிகழ்ச்சி நடத்தியபோது, லாடர் போன பாதையில் எதிர்த்திசைப் போக்குவரத்தும் தொடங்கிவிட்டது தெரிந்தது.

இந்தப் பயிற்சிக்கள விளக்கத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது தொலைக்காட்சி பற்றியது. மக்கள் திரை முகங்களைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள், பப் மாடிக் கதையெல்லாம் பின்னால் கட்டிய புராணம் என்று வாதிடலாம். 1993-இல் நகைச்சுவை இரட்டையர் நியூமனும் படீலும் வெம்ப்ளி அரீனாவில் சுமார் 12,000 பேரைக் கூட்டியதும், பீட்டர் கேயின் 2010-11 சுற்றுப்பயணம் 12 லட்சம் பேருக்கு டிக்கெட் விற்றதும் திரையின் பலத்தால்தான். உள்நாட்டைப் பொறுத்தவரை இதை மறுக்க முடியாது. வெளிநாட்டைப் பொறுத்தவரை சான்று எதிராக நிற்கிறது. திரைப்புகழ்தான் எஞ்சின் என்றால் உள்நாட்டில் அதிகக் கூட்டம் சேர்த்தவர்தானே அதிக நாடுகளுக்குப் போயிருக்க வேண்டும்? போல்டன் ஊரின் தெருக்களையும் திருமண விருந்துகளையும் விட்டு நகராத கேயின் புகழ் பெருமளவும் தீவுக்குள்ளேயே நின்றது. நாடு நாடாகப் போனவர் எடி இஸார்ட். தொடக்க காலத்தில் தொலைக்காட்சியில் நகைச்சுவை நிகழ்ச்சி செய்ய மறுத்து, மேடையையும் வீடியோ கேசட்டையும் நம்பியவர்.

இஸார்ட் வேறொரு விதத்திலும் முக்கியமான சாட்சி. 1997-இல் பாரிஸில் பிரெஞ்சில் நடத்தினார். 2014-இல் பெர்லினில் ஜெர்மன் மொழியில். மொழிகளில் தேர்ந்த அவருடைய சகோதரர் மார்க் துணை செய்தார். எந்த நாட்டுக்கும் தனிச் சிரிப்புணர்வு கிடையாது, பேச்சில் வரும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் உள்ளூருக்கு உரியவை, அவற்றை மாற்றினால் போதும் என்பது அவர் பலமுறை சொன்ன கருத்து. முழுவதும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேயின் நிகழ்ச்சியிலிருந்து உள்ளூர்ப் பெயர்களை எடுத்துவிட்டால் நிகழ்ச்சியே மிஞ்சாது. ரோமர்களையும் மதகுருமார்களையும் விலங்குகளையும் பற்றிப் பேசும் இஸார்டுக்கு அது வசதியாக இருக்கிறது. அந்தப் பாணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அவர் 1980-களில் லண்டன் கோவென்ட் கார்டனில் தெருக்கலைஞராக இருந்திருக்கிறார். அங்கே நின்று பார்த்தவர்கள் பல நாட்டுச் சுற்றுலாப் பயணிகள். பிடிக்கவில்லை என்றால் நடந்து போய்விடுவார்கள். பாரிஸுக்குப் போகும் முன்பே பாரிஸ்காரர்கள் முன் பழகியிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த மறுப்பு மொழியைப் பற்றியது. இஸார்டும் அட்கின்சனும் விதிவிலக்குகள், மற்றவர்கள் போவதெல்லாம் ஆங்கிலம் புழங்கும் இடங்களுக்குத்தானே என்பது. பாதை போடுவதில் மொழிக்கும் பங்கு உண்டு, சந்தேகமில்லை. பாதை வேறு, சிரிப்பு வேறு. ஒரே மொழி பேசிய கிளாஸ்கோவும் நியூயார்க்கும் 1962-இன் சோஹோவும் சிரிக்க மறுத்ததை மேலே பார்த்தோம். எதிர்ப்பக்கத்தில் ஃப்ரெடி ஃப்ரின்டன் இருக்கிறார். தொண்ணூறு வயதுச் சீமாட்டி, இறந்துபோன நான்கு நண்பர்களுக்கும் நாற்காலி போட்டு விருந்து வைக்கிறாள். அவர்களுக்கான மதுவையெல்லாம் வயதான பணியாளர் ஒவ்வொரு சுற்றிலும் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார். கடலோர ஊர்களில் பல ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய இந்தச் சிறு நாடகத்தை ஜெர்மன் தொலைக்காட்சியைச் சேர்ந்த பீட்டர் ஃபிராங்கன்ஃபெல்ட் பிளாக்பூலில் பார்த்தார். 1963-இல் ஹாம்பர்கில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்தார்கள். 1972 முதல் ஆண்டு இறுதி இரவுதோறும் ஒளிபரப்பாகி, ஜெர்மானியக் குடும்பங்களின் சடங்காகவே ஆகிவிட்டது 'டின்னர் ஃபார் ஒன்'. பிரிட்டனில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே ஒரு சேனல் அதை ஒளிபரப்ப 2018 டிசம்பர் வரை ஆயிற்று. ஃப்ரின்டனோ 1968-இலேயே இறந்துபோனார். தேசிய குணம் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒன்றுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

எல்லாம் அமெரிக்கப் பிரதி என்ற மூன்றாவது மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெயரும் பாணியும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தன. பப் அறையும் எடின்பரோவும் அங்கிருந்து வரவில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் குடியேறியவர்களின் பிள்ளைகள் அந்த மேடைகளில் ஏறத் தொடங்கியபோது, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வாழ்ந்து பழகியவர்களாக வந்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கிராலி நகரில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து மேடைக்கு வந்த ரொமேஷ் ரங்கநாதன், 2015-இல் பி.பி.சி. தொடர் ஒன்றுக்காகப் பெற்றோரின் நாட்டைப் பார்க்கப் போனார். அங்கே அந்நியர், பிரிட்டனிலும் ஓரளவு அந்நியர் என்ற நிலையே அவருடைய சரக்கு. மானிங் யாரைக் கேலி செய்தாரோ அவர்களுடைய பிள்ளைகள் இன்று அரீனாக்களை நிரப்புகிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விளக்கம் சரி என்றால் கவலைப்பட வேண்டிய இடமும் மாறுகிறது. வெளிநாட்டுப் பயணம் கடினமாகியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிறகு பிரிட்டிஷ் கலைஞர் விசா இல்லாமல் 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் ஷெங்கன் நாடுகளில் இருக்க முடியாது. வேலை அனுமதி விதி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க விசா மனுவின் கட்டணம் 2024-இல் மேலும் ஏறியது. மான்ட்ரியல் விழாவை நடத்திய நிறுவனம் அதே ஆண்டு மார்ச்சில் கடன் பாதுகாப்பு கோரியது. இவை தொல்லைகள்தான், சமாளிக்கக்கூடிய தொல்லைகள். வேரில் நடப்பது வேறு. 1983-இல் பேட்டர்சியில் தொடங்கி நாடு முழுவதும் கிளை பரப்பிய ஜாங்லர்ஸ் நகைச்சுவை கிளப் 2017-இல் திவாலாயிற்று. பப்கள் மூடப்படும்போது மாடி அறைகளும் சேர்ந்து போகின்றன. ஆகஸ்டில் எடின்பரோவில் தங்கும் செலவு, பெற்றோர் பணமோ நிறுவனத்தின் முன்பணமோ இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பீட்டர் பக்லி ஹில் 1996-இல் தொடங்கிய இலவச ஃபிரிஞ்ச் அரங்க வாடகையை இல்லாமலாக்கியது. கலைஞர் நிகழ்ச்சி முடிந்ததும் வாளியை நீட்டி வசூலிக்கிறார், தங்கும் அறையின் வாடகையை அந்த வாளி அடைக்காது. கைப்பேசிக் காணொளிகளால் பெயர் வாங்கி நேராகப் பெரிய அரங்குக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கூட்டம் அவர்களை அறிந்தே வருகிறது. அறியாதவர்கள் முன் நிற்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

இங்கிலாந்துக் கலை மன்றம் ஓபெராவுக்கும் நாடகத்துக்கும் மானியம் தருகிறது. நகைச்சுவையைத் தனிக் கலைவடிவமாக அது நெடுங்காலம் ஏற்கவில்லை. தானாகச் சம்பாதிக்கும் தொழிலுக்கு எதற்கு மானியம் என்பதுதான் வழக்கமான வாதம், அரீனாவை நிரப்புபவரைப் பார்த்தால் அது நியாயமாகவே படும். சம்பாதிப்பது மேல்தட்டு, 5 நிமிட அறைக்கு என்றுமே லாபம் வந்ததில்லை, பப்பின் பீர் விற்பனைதான் அதைத் தாங்கிப் பிடித்தது. அந்தத் தூண் சாயும்போது, மெல்பர்ன் விமான டிக்கெட்டுக்கு உதவித்தொகை கொடுப்பதைவிட ரோதரம், ஸ்வான்சி போன்ற ஊர்களில் செவ்வாய்க்கிழமை இரவுக்கு ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பது பயனுள்ள செலவு. அரசுப் பணம் வாங்கினால் கேலியின் பல் மழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் கலைஞர்களிலேயே உண்டு. பெருந்தொற்றின்போது 2020-இல் பண்பாட்டு மீட்பு நிதியிலிருந்து நகைச்சுவை அரங்குகளுக்கும் பணம் போயிற்று. கதவு திறந்ததும் அந்த மேடைகளில் அதிகம் அடிவாங்கியது நிதி கொடுத்த அதே அரசாங்கம்தான்.